விரலா, ஈரலா?

போன மாதம் தர்ஷினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற வார்டில் இப்போது வேலை செய்கிற தாதி அவள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்காக அச்சடித்த துண்டுப் பிரசுரம் அது. "மிஸ், ஒருவழியா தமிழ்ல வந்திருச்சு!" என்று கீழே எழுதியிருந்தாள். நான் ஹட்டனில் கொட்டகலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்.

"குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பொருட்களை எடுக்கும்போது கையுறை அணியவும். வளிசீராக்கி (ஏ.சி.) பொருத்திய அறைகளைத் தவிர்க்கவும்."

பஸ் வந்தது. ஏறாமல் நின்றேன். இதை எழுதியவருக்குக் குளிர் பெட்டிக்குள் இருக்கிறது. கந்தப்பளையில் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே படுத்து எழும்புகிற மனுஷிக்கு அது எங்கே இருக்கிறது என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்தார்களா?

தர்ஷினிக்கு ஃபோன் எடுத்துக் கத்திவிட்டேன். "நானா மிஸ் எழுதினேன்? என்னைய ஏன் திட்டுறீங்க?" என்றாள் அவள். "அந்தக் கந்தப்பளை அக்காவோட கதைய நீங்க அரைகுறையாத்தான் சொல்லியிருக்கீங்க. முழுசா எழுதுங்க. நாங்களாவது படிக்கிறோம்." அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இனிமையான நினைவுகளை எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் இருந்தார். அம்மா கொழுந்து எடுத்தார். தாதியர் கல்லூரியில் சிங்களத்தில் பாடம் கேட்டு, சிங்களத்தில் பரீட்சை எழுதித் தேறினேன். முதல் சில வருடங்கள் ஊர் ஊராகப் போட்டார்கள். பிறகு மலைநாட்டிலிருந்து நோயாளிகள் வந்து சேர்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டு. தாதியர் சீருடையில் வெள்ளைச் சேலை போய்க் கவுன் வந்ததும், கறுப்பு மயிர் வெள்ளையானதும் அங்கேதான்.

எங்கள் வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. மருந்து ஏற்றுவது என்றால் ஊசி குத்திவிட்டுப் போவதல்ல. முதலில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் அன்று மருந்து கிடையாது. ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பையில் எழுதியிருக்கும் பெயரை ஒரு தாதி வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தி நோயாளியின் வாயாலேயே பெயரைக் கேட்டு ஒப்பிட வேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் நரம்பு தேடக் கூடாது. முன்கையில் நல்ல நேரான நரம்பாகப் பார்க்க வேண்டும். மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். சில மருந்தை உப்புத் தண்ணீரோடு சேர்க்கவே கூடாது, குளுக்கோஸ் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஏறத் தொடங்கிய பிறகு பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகம்தான் முதலில் சொல்லும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் வார்டின் பெரிய டொக்டரான நிபுணர். அவரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் வார்டுக்கு வருவார். அறிக்கைகளைத் தானே படிப்பார். அமைச்சர் வீட்டு ஆள் என்றாலும் வரிசையில்தான் பார்ப்பார். ஆனால் நோயாளியின் தலைமாட்டுக்கு அவர் போய் நான் பார்த்ததில்லை. கால்மாட்டில் நிற்பார். கட்டிலின் இரும்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே சின்ன டொக்டர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார். என்னிடம் சிங்களத்தில் பேசுவார். கடைசியில் கட்டிலைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "சரிதானே அம்மா?" என்பார். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கையைக் கூப்பி, "சரிங்கய்யா" என்பார்கள். எதற்குச் சரி என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தச் "சரிங்கய்யா"வை எத்தனை வருடம் கேட்டேன்!

சரோஜா அங்கேதான் வந்தார். கந்தப்பளைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். நாற்பதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, நேராகப் பார்க்கிற கண். புருஷன் செத்துப் பல வருடம். தம்பி யோகனின் குடும்பத்தோடு இருந்தார். யோகன் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர்.

ஈரல் சுருங்கி, அதற்குள் புற்று வந்திருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஒட்டியிருக்கக்கூடிய ஒரு கிருமி இரத்தத்தில் இருந்து இத்தனை வருடமாக ஈரலைத் தின்றிருக்கிறது. அது இரத்தப் பரிசோதனையில் எழுதியே இருந்தது. ஆனாலும் அவர் போன மேசையில் எல்லாம் முதல் கேள்வி கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைப் பற்றித்தான். எங்கள் வார்டிலும் சின்ன டொக்டர் ஒருவர் அறிக்கையைத் திறக்காமலே, "எவ்வளவு குடிப்பா என்று கேளுங்க மிஸ்" என்றார்.

நான் கேட்கவில்லை. "அறிக்கையைப் படிங்க டொக்டர்" என்றேன்.

சரோஜாவுக்குச் சிங்களம் விளங்கும். "கேக்கட்டும் மிஸ்ஸி. தோட்டத்து ஆளுன்னா குடிச்சுத்தானே சாவணும். வேற நோவு வர எங்களுக்கு உரிமையில்லையே" என்றார். அப்போதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் யோகனின் ஈரலில் ஒரு பாதியை வெட்டி அக்காவுக்கு வைத்தார்கள். ஒப்பரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் வெளியே எடுத்த பழைய ஈரலை ஆய்வுகூடத்தில் பார்த்தபோது, புற்று சின்ன இரத்தக் குழாய்களுக்குள்ளும் நுழைந்திருந்தது தெரிந்தது. அப்படி நுழைந்தது புது ஈரலிலோ நுரையீரலிலோ மறுபடி முளைக்கலாம். அதைக் குறைக்க மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று அங்கிருந்தவர்களும் எங்கள் நிபுணரும் பேசி முடிவெடுத்து, ஊருக்குக் கிட்ட இருக்கட்டும் என்று எங்களிடம் அனுப்பினார்கள்.

முதல் நாள் கால்மாட்டில் நின்று நிபுணர் சின்ன டொக்டர்களுக்கு விளக்கினார். இந்த மாதிரி நோயாளிக்கு இந்த மருந்து உதவுமா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஆனாலும் வயது குறைவு, முயன்று பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோய் திரும்ப வராமலிருக்க மருந்து என்று சொல்லுங்க" என்றார்.

"ஆதாரம் இல்லைங்கிறதையும் சொல்லட்டுமா சேர்?" என்று கேட்டேன்.

"பயமுறுத்தாதீங்க மிஸ்" என்றார். இரும்பைத் தட்டினார். "சரிதானே அம்மா?"

"சரிங்கய்யா" என்றார் சரோஜா.

அவருக்கு ஏற்றிய மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றிய பிறகு பல நாளைக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரலில் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சே நின்றுவிட்டது போலாகும். மருந்து சேரச் சேர, கை கால் நுனி மரத்துப்போகும். சிலருக்கு அது திரும்பி வராது. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன் விறைப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதிகமானால் மருந்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும்.

"வீட்டுக்குப் போய்க் குளிருல கை வைக்காதீங்க" என்று நான் சொன்னபோது சரோஜா சிரித்துவிட்டார்.

"எங்க ஊருல எதுல கை வச்சாலும் குளிருதான் மிஸ்ஸி. பைப்பு, கதவு, சட்டி, போர்வை, எல்லாமே. கையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா இருக்கிறது?"

அடுத்த தடவை வந்தபோது சிரிப்பில்லை. பனி கொட்டுகிற மாதம். காலையில் லயத்துக்கு வெளியே பொதுப் பைப்பில் கை வைத்தால் கண்ணாடித் தூளுக்குள் கை விட்டது போல இருக்கிறது என்றார். தம்பி மனைவி தண்ணீர் சுட வைத்துக் கொடுக்கிறார். யோகன் நுவரெலியா நடைபாதையில் கம்பளிக் கையுறை வாங்கி வந்திருக்கிறார். அந்த ஏழைக் குடும்பம் செய்யக்கூடியதையெல்லாம் செய்தது.

தோட்டம் என்ன செய்தது? வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டால்தான் அங்கே அன்றைய சம்பளம். இலேசான வேலை கொடுக்கும்படி நிபுணர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணைக்கு சரோஜாவை அனுப்பினார்கள். உட்கார்ந்து செய்கிற வேலையாம். ஈர மண்ணை அள்ளி அள்ளிப் பைகளில் நிரப்பும் வேலை! வைத்த ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதற்கு மேல் நாங்கள் ஏற்றுகிற மருந்து வெள்ளை அணுக்களைக் கொல்லும். அப்படிப்பட்டவர் மண்ணையே தொடக் கூடாது. அவரைக் குளிர்ந்த சேற்றில் கை விடச் சொல்லி உட்கார வைத்தார்கள். கேள்விப்பட்ட அன்று வார்டு ஃபோனிலிருந்தே தோட்டத்து ஒஃபீஸுக்குப் பேசினேன். எடுத்தவர், "தோட்டத்துல அதவிட லேசான வேலை இல்லீங்க மிஸ்" என்று வைத்துவிட்டார். சரோஜா வேலையை விட்டு வீட்டிலிருந்தார். பேரும் போயிற்று.

சில சுற்று மருந்து ஏறியது. ஒவ்வொரு முறையும், "விறைப்பு இருக்கா?" என்று கேட்போம். "இல்லீங்க மிஸ்ஸி." மருந்தை நன்றாகத் தாங்குகிறார் என்று சின்ன டொக்டர்கள் எழுதிக்கொண்டே போனார்கள்.

ஒருநாள் ஸ்கேன் எடுப்பதற்காக உடை மாற்றிவிட்டுத் திரும்பி வந்த சரோஜா, முந்தானையை ஊக்கால் குத்திக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்று அடுத்த கட்டிலுக்குப் பை தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கிறேன், வெள்ளைச் சேலையில் சிவப்புப் பொட்டு ஒன்று பரவுகிறது. ஊக்கு விரலுக்குள் போயிருக்கிறது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"சரோஜா! இரத்தம் வருது."

அவர் குனிந்து தேடினார். எந்தக் கை, எந்த விரல் என்று கண்ணால் தேடிக் கண்டுபிடித்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எவ்வளவு நாளா இப்படி?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மருந்த நிப்பாட்டிருவாங்க மிஸ்ஸி. நிப்பாட்டினா திரும்பி வந்திரும். என் தம்பி வயித்தக் கிழிச்சுக் குடுத்தது வீணாப் போயிரும்." மற்றக் கையால் இரத்தத்தைத் துடைத்தார். "ஒரு கொழுந்தக் கிள்ளிப் பார்த்தேன், விரலுக்கு எல தெரியல. ஜாக்கெட் பொத்தான் அவன் பொண்டாட்டிதான் போட்டு விடுறா. அவன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

நான் நிபுணரின் அறைக்குப் போனேன். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "இதில் ஒன்றும் இல்லையே?"

"அவ மறைச்சிருக்கா சேர். மருந்து நின்னா புற்று வந்துரும்னு பயம்."

"ஏன் அப்படி நினைக்க வேண்டும்?" என்று கேட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். வராமலிருக்க மருந்து என்று சொல்லச் சொன்னவர் அவர்தானே!

கோப்பை மூடிவிட்டு, "விரல் வேண்டுமா, ஈரல் வேண்டுமா என்று அவவிடம் கேட்டு வாங்க" என்றார். சிங்களத்தில் அது சாதாரண வாக்கியம். என் மனதில் தமிழாக மாறியபோது விரலா ஈரலா என்று எதுகையோடு வந்து விழுந்தது, யாரோ நையாண்டி செய்வது போல. அதை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போக எனக்கு முடியாது.

"நான் கேட்கமாட்டேன் சேர். நீங்க வந்து கேளுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்."

அத்தனை வருடத்தில் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்தார். நான் முன்னால் போய்த் தலைமாட்டில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். நின்றார். "உட்காருங்க சேர்" என்றேன். உட்கார்ந்தார். யோகன் அக்காவின் கால்பக்கம் நின்றிருந்தார். வார்டு முழுக்க எங்களையே பார்த்தது.

விரல் மரத்திருப்பதையும், மருந்தைத் தொடர்ந்தால் அது மோசமாகலாம் என்பதையும், நிறுத்தினாலும் முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்பதையும் நிபுணர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

சரோஜா கேட்டார். "ஐயா, இந்த மருந்த ஏத்திக்கிட்டா அது வராதா?"

"வராது என்று சொல்ல முடியாது."

"ஏத்தலன்னா வந்திருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வரும் என்றும் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்குங்க ஏத்துறீங்க?"

அதன் பிறகுதான் அவர் பேசினார். புற்று இரத்தக் குழாய்க்குள் போயிருந்ததைச் சொன்னார். இந்த மருந்தால் திரும்பி வருவது குறைகிறது என்று சில இடங்களில் சொல்கிறார்கள், வித்தியாசமே இல்லை என்று வேறு சில இடங்களில் சொல்கிறார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது, உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்பதால் முயன்று பார்க்க நினைத்தேன் என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய நேர்மை.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே" என்றார் சரோஜாவும்.

"பயப்படுவீங்க என்று நினைத்தேன்."

"புத்துன்னு சொன்னப்ப பயந்தேன். வயித்த வெட்டணும்னப்ப பயந்தேன். என் தம்பிய மேசையில படுக்க வச்சப்ப செத்தே போயிட்டேன். இதுக்குப் புதுசா என்னத்தங்க பயப்படப் போறேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா விறைக்குதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். குரலையும் தணிக்கவில்லை.

நிபுணர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டார்.

"இந்த ஏத்துற மருந்து வேணாம். மாத்திரைய விடாம சாப்பிடுறேன். கிளினிக்குக்கு ஒழுங்கா வர்றேன்."

"அக்கா!" என்று யோகன் கத்தினார். "நான் எதுக்குக் குடுத்தேன்? நீ பாதியில விடுறதுக்கா?" அக்கா பதில் சொல்வதற்குள் வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். நடைபாதைச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். "நீங்கதான் மிஸ்ஸி அவ மனச மாத்திட்டீங்க. ஒருதரம் ஒப்பரேஷன் செஞ்சா அக்கா தப்பிச்சிரும்னுதானே என்கிட்ட சொன்னாங்க. இப்ப ஆளுக்கொண்ணு சொல்றீங்க."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தன் ஈரலில் பாதியைக் கொடுத்த மனிதருக்கு, புற்று திரும்பவும் கூடும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அவரும் ஒரு "சரிங்கய்யா" சொல்லித்தான் மேசையில் படுத்திருக்கிறார்.

மருந்தை நிறுத்திய பிறகு சரோஜாவின் உள்ளங்கையில் உணர்வு மெல்லத் திரும்பியது. விரல் நுனிகளில் திரும்பவில்லை. வேலை கேட்டுத் தோட்டத்து ஒஃபீஸுக்குப் போனபோது நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது தாருங்கள் என்று கேட்டோம். ஒஃபீஸில் இருந்தவர் சரோஜாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை நல்லாத்தானே இருக்கு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கொழுந்து எடுக்க முடியாதுன்னா எதுக்கு மிஸ் இவ்வளவு பெரிய ஒப்பரேஷன்?" என்று கேட்டார்.

அந்த மனிதர் எங்கள் ஆள்தான், தமிழர்தான். கொழுந்து எடுக்காத ஒரு பெண் உயிரோடு இருப்பது எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வேலை கிடைக்கவில்லை.

எங்கள் நிபுணர் மாறினார், அதையும் சொல்ல வேண்டும். "நிச்சயமாகத் தெரியாது" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். கதிரை போட்டு உட்கார்ந்து அதைச் சொன்னார். சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் முதல் நாளே கால்மாட்டில் நின்றார். ஆஸ்பத்திரிக் கருத்தரங்கு ஒன்றில் சரோஜாவின் சிகிச்சையைத் திரையில் காட்டி, நோய் திரும்பவில்லை, பக்கவிளைவு ஏற்றுக்கொள்ளத்தக்க அளவு என்று படித்தார். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து, "யார் ஏற்றுக்கொண்டது டொக்டர்?" என்று கேட்டேன். நேரமில்லை என்று அடுத்த படத்துக்குப் போனார்.

சரோஜா உயிரோடு இருக்கிறார். புற்று இதுவரை திரும்பவில்லை. ஏற்றிய கொஞ்ச மருந்துதான் காப்பாற்றியதா, மருந்தே ஏற்றாவிட்டாலும் இப்படித்தான் இருந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்ததாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இதை எழுத அனுமதி கேட்டுப் போன ஞாயிறு கந்தப்பளைக்குப் போனேன். மருந்தை நிறுத்திய கோபத்தில் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலம் முடிந்து பல வருடமாகிறது; யோகன்தான் சந்தி வரை வந்து என்னைக் கூட்டிப்போனார். சரோஜா அடுப்பருகில் உட்கார்ந்திருந்தார். எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதுங்க மிஸ்ஸி. பாவம் சரோஜான்னு மட்டும் எழுதாதீங்க."

"வேற எப்படி எழுதட்டும்?"

"எதுக்கு ஏத்துறீங்கன்னு நான் கேட்டேன்னு எழுதுங்க." என்னை நேராகப் பார்த்தார். "கேட்டப்புறம்தான் சொன்னாங்கன்னும் எழுதுங்க."